ஒத்தப்பனைக் கழனி மண்

கண்ணா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. முகூர்த்தப் பட்டு எடுக்க எப்போது லீவு போட்டு வருகிறாய் என்றுதான் அதில் முதலில் தேடினேன். அதைக் காணோம். இத்தாலி தேசத்துக் கோமகன் ஒருவனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். சித்திரக்காரர்களையும் சிற்பிகளையும் கூட்டி வைத்துச் சோறு போட்டு ஊரையே அலங்காரம் பண்ணியவன், கடைசியில் கோட்டையையும் நிலத்தையும் பிரெஞ்சுக்காரர்களிடம் பறிகொடுத்து, அவர்கள் தேசத்துச் சிறையில் சுவரில் ஏதோ வரைந்துகொண்டே செத்துப்போனானாம். கல்லூரியில் அந்தப் பாடத்தை நடத்தும்போது உனக்கு அழுகை வந்துவிட்டதாம், தாத்தா ஞாபகம் வந்ததாம். நன்றாயிருக்கிறது. சரித்திர வாத்தியார் நீ, அவனுக்காக அழு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அவன் சிறைக்குப் போன அன்றைக்கு அவன் நிலத்தை உழுதவர்கள் அழுதார்களா, இல்லை அடுப்பில் உலையை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்களா என்று நீ ஒரு வரி எழுதவில்லை. எனக்கு அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆசையாக இருந்தது.

அந்த இரண்டு பக்கத்துக்கும் அடியில், ஏதோ மறந்துபோனதை ஞாபகம் வந்து எழுதுவதுபோல இன்னொரு சங்கதி எழுதியிருக்கிறாய். வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கும் உன் வருங்கால மாமனார், நம்முடைய பழைய பெரிய வீட்டையும் அதைச் சுற்றியுள்ள கழனிகளையும் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிறார் என்கிறாய். நாம் இழந்ததை வாங்கியவர் அவர்தான். இப்போது பெண்ணோடு சேர்த்து நமக்கே திருப்பித் தருகிறார். கல்யாணப் பத்திரிகையில் உன் பேருக்கு மேலே ‘ஜமீன்தார் பேரன்’ என்று போடவேண்டும் என்பது அவர் ஆசை. உனக்கும் அதில் ஆசை இல்லாமல் இல்லை என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ‘போனது நம்மிடமே வருகிறது அம்மா, தாத்தாவின் ஆத்மா சாந்தியடையும்’ என்று முடித்திருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தாத்தாவின் ஆத்மா எதனால் சாந்தியில்லாமல் போயிற்று என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாய். படிக்கிற பிள்ளையின் மனசைக் கலைப்பானேன் என்று நான் சொல்லவில்லை. பிறகு சொல்ல வாய் வரவில்லை. நீ உன் மாமனாரிடம் சரி என்று தலையாட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

உன் அப்பா காலமானபிறகு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் பிறந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். அதனால் உனக்கு அந்த வீடென்றால் ஊஞ்சல், மாம்பழம், தாத்தா மடியில் உட்கார்ந்து போன குதிரை வண்டி. சின்னப் பிள்ளைக்கு ஒரு வீட்டில் வேறென்ன தெரியும்! ஜமீன் என்ற பட்டம் நீ பிறந்த காலத்திலேயே சர்க்கார் சட்டத்தோடு போய்விட்டது. பண்ணை நிலம் மட்டும் மிச்சமிருந்தது. அதற்கே நைனா ராஜாவாகத்தான் இருந்தார். நைனா என்றுதானே நான் என் அப்பாவைக் கூப்பிடுவேன், எனக்கு இப்போதும் அப்படித்தான் வருகிறது. ஊரில் வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு எல்லாவற்றுக்கும் அவர் நாற்காலிக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. சொன்ன வார்த்தையை மாற்றியதும் இல்லை. அதுதான் அவருக்குப் பெருமை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுக்குக் கழனியை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடும்போது, அந்தக் கழனியின் மண்ணை ஒரு பிடி வெற்றிலைமேல் வைத்து எஜமானன் அவன் கையில் கொடுப்பார். அதற்குப்பிறகு அவன் உழலாம். நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது, அவன் அதேபோல ஒரு பிடி மண்ணைக் கொண்டுவந்து எஜமானன் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுப் போகவேண்டும். அவன் வைக்கிறவரைக்கும் வேறொருவன் அதில் ஏர் கட்டமாட்டான். ஒத்தப்பனைக் கழனியை அப்படி வாங்கிப் பயிரிட்டவன் வீராசாமி. ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரித் தண்ணீரை ஆளுக்கு ஒரு முறை என்று விட்டார்கள். கதிர் பால் பிடிக்கிற சமயம். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் யாரோ முறைதப்பி மடையைத் திறந்திருந்தார்கள். வீராசாமியின் கழனியில் தண்ணீர் நின்றது. அதற்குக் கீழே இருந்த எங்கள் காரியஸ்தரின் கழனியிலும்தான் நின்றது, அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. நைனா ஊரைக் கூட்டினார். நிற்கிற பயிரோடு நிலத்தை விட்டுவிட்டுப் போ என்று வீராசாமியிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

வீராசாமி மண்ணைக் கொண்டுவந்தான், வைக்கவில்லை. கையில் மூடிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றான். “நான் தெறக்கல எஜமான். இந்த ஒரு போகம் அறுத்துக்கினு போயிடறேன்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். வெயிலில் அவன் முகம் தெரியாது, கருப்பாக ஓர் உருவம்தான் தெரியும். நைனா ஜன்னலைச் சாத்தச் சொன்னார். அந்த நாளிலெல்லாம் நீ உள்ளே ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாய், கண்ணா. ஊஞ்சலிலிருந்து பார்த்தால் வாசல் கேட்டு தெரியாது. கடைசியில் ஒரு காலை எழுந்து பார்த்தபோது மண் படியில் இருந்தது, அவன் இல்லை. பெண்டாட்டி பிள்ளையோடு காஞ்சிபுரத்துக்குத் தறி வேலைக்குப் போய்விட்டான் என்றும், கொஞ்ச காலத்தில் அங்கேயே செத்துப்போனான் என்றும் பிறகு காதில் விழுந்தது.

நம் கதை உனக்குத் தெரியும். பங்காளிகள் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். கோர்ட்டு விட்டுவைத்ததை நில உச்சவரம்புச் சட்டம் பார்த்துக்கொண்டது, மீந்ததை வக்கீலுக்காக விற்றோம். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் இந்த வாடகை வீட்டுக்கு வந்தோம். நைனாவின் நாற்காலியைத் தவிர வேறு பெரிய சாமான் எதையும் கொண்டுவரவில்லை. அதுவும் இந்த வீட்டு வாசலில் நுழையவில்லை. தச்சன் வந்து ஒரு பக்கத்துக் கையை அறுத்து எடுத்தபிறகுதான் உள்ளே வந்தது. நைனா அதில் உட்கார்ந்து, இல்லாத கைமேல் முழங்கையை ஊன்றப் போய்ச் சாய்ந்துவிடுவார். எத்தனை முறை சாய்ந்தாலும் அது அவருக்குப் பழகவே இல்லை. உனக்குச் சிரிப்பாக இருக்கலாம், எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

தெரு முழுக்கத் தறி. விடிந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேதான் நாம் பேசுவோம், சாப்பிடுவோம். உச்சிவேளையில் கோயில் மணி கேட்டதும் எல்லாத் தறியும் ஒவ்வொன்றாக நிற்கும். அந்த அமைதி காதை அடைக்கும். வந்த இரண்டாம் வருஷமோ என்னவோ, அந்த அமைதியில் நைனாவின் குரல் கேட்க ஆரம்பித்தது. “யாருப்பா அங்க? உள்ள வா. வரப்ப வெட்னது நீதானே?” என்பார். கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருப்பார், பிறகு தீர்ப்புச் சொல்வார். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால் முன்கூடத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பேர் பேராகக் கூப்பிடுவார். பாதிப் பேர் செத்துப்போனவர்கள், மீதிப்பேர் அவரை மறந்துபோனவர்கள். வயசானவர், பொழுது போகவேண்டுமே என்று நான் விட்டுவிட்டேன். பயமாக இல்லையா என்று கேட்பாய். பழகிவிட்டது. செத்தவர்களோடு வரப்புத் தகராறு பேசுகிற வீட்டில்தான் நான் உனக்கு மணியார்டர் எழுதினேன், முறுக்குச் சுட்டு டப்பாவில் போட்டு அனுப்பினேன்.

ஒருநாள் மட்டும் அவர் குரல் மாறியது. “வாசல்ல வீராசாமி நிக்கிறான்மா. கதவச் சாத்து” என்றார். நான் போய்ப் பார்த்தேன். வெயிலுக்கு எதிரே கருப்பாக ஓர் ஆள், அதே உயரம், அதே தோள், ஒரு கை மூடியபடி. கொஞ்சநேரம் பார்த்தபிறகுதான் தெரிந்தது. எதிர்வீட்டுத் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, மரத்துப்போன காலை நீட்டிக்கொண்டு நின்ற நெசவாளி அவன். அன்று சாயங்காலம் அவன் பெண்டாட்டியிடம் விசாரித்தேன். பேர் ஏழுமலை. வீராசாமியின் மகன். இத்தனை தெருவில் நமக்கு இந்தத் தெருதானா கிடைக்கவேண்டும் என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். நாம் யாரென்று வந்த அன்றைக்கே அவனுக்குத் தெரியுமாம். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதிலிருந்து தினமும் உச்சியில் நைனாவுக்கு வீராசாமி வந்தான். மற்றவர்களுடைய வழக்கெல்லாம் நின்றுபோயிற்று. அவன் வந்தால் இவர் சோற்றைத் தொடமாட்டார். “எதிர்வீட்டு ஏழுமலைதான் நைனா, கால் மரத்துப்போயி நிக்கிறான்” என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். “அவன் கையில மண்ணு இருக்குது, உனக்குத் தெரியல” என்பார். பிறகு ஒருநாள் அவராகவே சொன்னார்: “ஒத்தப்பனைக் கழனிய அவனுக்கே குடுத்துடறேன். மண்ணு எடுத்துக்கினு வா.” நம்மிடம் கழனி ஏது? ஆனாலும் இத்தோடு விட்டால் போதும் என்று, பின்கட்டுக் கிணற்றடியிலிருந்து ஒரு பிடி மண்ணை வெற்றிலைமேல் வைத்துக் கொண்டுபோனேன். அவர் அதை விரலால் நசுக்கி மூக்கருகே கொண்டுபோனார். “இதுல சாயத்தண்ணி வாசனை அடிக்குதும்மா. என்னையே ஏமாத்தறியா?” என்றார். பட்டுக்குச் சாயம் தோய்க்கிற தெருவில் மண்ணும் அப்படித்தான் இருக்கும், எனக்குத்தான் தோன்றவில்லை.

மறுநாள் வாலாஜாபாத் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். நிலம் அப்போதே உன் மாமனார் கைக்குப் போய்விட்டது. எனக்கு அவர் யாரென்றே தெரியாது, அவர் பெண் பாவாடை சட்டையில் அங்கே ஓடிக்கொண்டிருந்ததைக்கூட நான் பார்த்திருக்கலாம். கிணற்றுக்குக் கிணறு கரெண்ட் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒத்தப்பனையை வெட்டிவிட்டார்கள். வரப்பையெல்லாம் கலைத்து ஒன்றாக்கிவிட்டார்கள். பிறந்து வளர்ந்த ஊரில், எந்தக் கழனி என்று தெரியாமல் நின்றேன். மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள், “இங்கதான் எங்கியாச்சும் இருக்கும்மா. எடுத்துக்கோ, மண்ணுதானே” என்று சிரித்தான். குனிந்து ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அது ஒத்தப்பனைக் கழனி மண்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நைனா முகர்ந்து பார்த்துவிட்டு, “ஆமா, இதுதான்” என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஏழுமலையைக் கூப்பிடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. “நீ வந்து ஒரு வாட்டி வாங்கிக்கினு போயிடுப்பா. அவர் நிம்மதியாக் கண்ண மூடட்டும்” என்று அவன் வாசலில் போய்க் கேட்டேன். ஜமீன் வீட்டுப் பெண் நான், கையெடுத்துக் கும்பிட்டேன். நூலைச் சரிபண்ணிக்கொண்டே, “நின்னது எங்கப்பன்மா. அவருக்குக் குடுக்கறத நான் எப்படி வாங்கறது? எனக்குன்னு குடுத்தாலாவது வாங்கலாம்” என்றான். நான் திரும்பி வந்துவிட்டேன். நைனா மேலும் இளைத்தார். கடைசியில் அவன் பெண்டாட்டிதான், பாவம், பெரியவர் பட்டினி கிடக்கிறார் என்று அவனைத் தள்ளிவிட்டிருக்கிறாள். ஓர் உச்சிவேளை, தறியெல்லாம் நின்றபிறகு, அவன் வாசலைத் தாண்டி உள்ளே வந்தான்.

நைனா எழுந்து நின்றார். குடியானவனுக்காக அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெற்றிலையோடு மண்ணை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். ஏழுமலையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் சாமியைக் கும்பிட்டேன். அப்போதுதான் நைனா சொன்னார்: “மடைய நீ தெறக்கல வீராசாமி. காரியஸ்தன்தான் தெறந்தான். எனக்கு அன்னைக்கே தெரியும்.”

எனக்கு அது தெரியாது, கண்ணா. சத்தியமாகத் தெரியாது. ஏதோ கோபத்தில் ஆராயாமல் செய்துவிட்டார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதுவரை அப்பனாக நின்ற ஏழுமலை தன் சொந்தக் குரலில் கேட்டான்: “தெரிஞ்சேவா எஜமான்?” நைனா, “ஊர் முன்னாடி சொல்லிட்டேனே. எப்படி மாத்தறது? போ, போய் உழு” என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனாலும் அப்படித்தான் சொன்னார். ஏழுமலை கையிலிருந்ததைப் பார்த்தான். கத்தவில்லை, சாபம் கொடுக்கவில்லை. மெதுவாக வாசலுக்குப் போனான், குனிந்தான், மண்ணை வெற்றிலையோடு படியில் வைத்தான். “எங்கப்பனக் கேட்டுக்கினு வந்து சொல்றேங்க” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டான்.

அதற்குப்பிறகு நைனா உயிரோடு இருந்த நாளெல்லாம் ஒரே கேள்விதான். “வீராசாமி மவன் வந்தானா? இன்னா சொன்னான்?” என்னிடம் கேட்பார், பால்காரனிடம் கேட்பார், கடைசிக் காலத்தில் உன்னிடம்கூடக் கேட்டார். நீ லீவில் வந்திருந்தாய். யார் தாத்தா அது என்று கேட்டுவிட்டு, வயசாகிவிட்டது என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். பதில் வராமலேயே போய்ச் சேர்ந்தார். அவரை எடுத்துக்கொண்டு போகும்போது ஏழுமலை தறியை நிறுத்திவிட்டு வந்து எதிரே நின்றான். காரியமெல்லாம் முடிந்தபிறகு நான் அவனிடம் கேட்டேன், உங்கப்பா என்னப்பா சொன்னார் என்று. “இன்னும் கேக்கலமா. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல” என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அவனும் அத்தனை வருஷமாக ராத்தூக்கம் இல்லாமல்தான் இருந்திருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களால் அவன் வீட்டிலும் செத்துப்போன அப்பா திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார். போன தை மாதம் அவன் ஓரிக்கைப் பக்கம் வீடு மாற்றிக்கொண்டு போனான். எதிர்வீடு அன்றிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது.

இப்போது சொல், எந்த ஆத்மா சாந்தியடையும்? முதலில், அந்த நிலம் நமக்கு வேண்டவே வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தபிறகு ஏழுமலை சொன்னது ஞாபகம் வந்தது. எனக்கென்று கொடுத்தாலாவது வாங்கலாம் என்றானே, அப்போது எங்களிடம் கொடுக்க நிலம் இல்லை, வெறும் மண்தான் இருந்தது. உனக்கு நிலமே வருகிறது. பெரிய வீட்டை உன் மாமனாரே வைத்துக்கொண்டு நெல் மூட்டை அடுக்கட்டும். அந்தக் கழனி ஒன்றை மட்டும், பழைய பத்திரத்தில் எல்லை பார்த்து, அவரிடமும் அந்தப் பெண்ணிடமும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, வாங்கிக்கொள். வாங்கி ஏழுமலை பேரில் எழுதிக்கொடு. வீராசாமி மகன் என்பதற்காகக் கொடுக்காதே, தாத்தாவுக்குப் புண்ணியம் என்றும் கொடுக்காதே. ஏழுமலைக்கு என்று கொடு. அவன் வேண்டாம் என்று சொன்னால் அதையும் நின்று கேட்டுக்கொள். உன் கல்யாணத்துக்கு என் புத்திமதியும் இதிலேயே அடங்கிவிட்டது. தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் அன்றைக்கே, அதே ஆட்கள் முன்னாலேயே மாற்றிச் சொல்லிவிடு. பெண்டாட்டி சிரிப்பாள், சிரிக்கட்டும். சிரித்துவிட்டுச் சோறு போடுவாள். பத்திரிகையில் என்ன பேர் போடுவது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நான் உன்னை வற்புறுத்தவில்லை. படித்தவன், உனக்கே தெரியும். ஆனால் ரொம்ப நாள் யோசிக்காதே. கோயில் மணி இப்போதுதான் அடித்தது, தறியெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கிறது. காகிதத்தின்மேல் வெளிச்சம் குறைகிறதே என்று தலையைத் தூக்கினேன். வாசலில் ஓர் ஆள், அதே தோள், ஒரு கை மூடியபடி. ஏழுமலை இந்தத் தெருவில் இல்லை, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் கதவைச் சாத்தப்போவதில்லை, கண்ணா. உள்ளே வந்து உட்காருங்கள், என் பிள்ளைக்கு எழுதியிருக்கிறேன் என்று சொல்லப்போகிறேன். உன் பிள்ளை என்ன பதில் எழுதினான் என்று நாளைக்கு அவர் கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?

உன் அம்மா